இதர செலவு

சங்கத்துக்கு என்று தனி அறை கிடையாது.
ஐஸ் கம்பெனி மாடியில்
உடைந்த மீன்பெட்டிகளுக்குப் பின்னால்
ஒரு பீரோ, பூட்டு மட்டும் புதுசு.
உள்ளே நாற்பத்தோரு மனுவின் நகல்,
ரப்பர் ஸ்டாம்பு, காய்ந்துபோன மைப்பட்டை,
நான் எழுதும் கணக்கு நோட்டு.

ஆளுக்கு வாரம் இருபது ரூபாய்.
நண்டு படாத வாரம் பாதிப்பேர் தருவதில்லை.
எழுதி வச்சுக்க என்பார்கள்.
எழுதி வைத்துக்கொள்கிறேன்.

இறால் பண்ணை மதகு
பகலில் திறந்ததை யாரும் பார்த்ததில்லை.
ராத்திரி இரண்டு மணிவாக்கில்
ஜெய்னம்புவின் போன் இரண்டு முறை அடித்து நிற்கும்.
அதுதான் தகவல்.
சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
ஓடைச் சேற்றில் முழங்கால்வரை இறங்கி
கலர் பாட்டில் இரண்டை முக்கி எடுப்போம்.
வடித்த கஞ்சிபோல் வெதுவெதுப்பு,
நாற்றம்தான் வேறு.
விடிந்தால் கரை நெடுக
வெள்ளை வயிறு காட்டிக் கிடக்கும்
மடவைக் குஞ்சு.

முதல் தடவை ஐஸ் பெட்டியில் வைத்து
ராமநாதபுரம் பஸ் ஏறினோம்.
மீனா, கருவாடா? என்றார் கண்டக்டர்.
தண்ணி என்றாள் சகாயவதி.
தண்ணிக்கா ஐஸு?
சிரித்துக்கொண்டே லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.
பதினெட்டு ரூபாய். நோட்டில் இருக்கிறது.

வாரிய அலுவலகத்தில் ஒரு சின்னப் பெண்,
பொறுமையாகத்தான் சொன்னாள்:
நீங்கள் எடுத்த தண்ணீர் செல்லாது.
நாங்கள் வந்து எடுத்தால்தான் செல்லும்.
வருவதற்கு முன்
பண்ணைக்குக் கடிதம் போகும்.

திரும்பி வந்த இரண்டு லிட்டர்
ஜெய்னம்பு வீட்டு பிரிட்ஜில்
மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் ஒரு மாதம் இருந்தது.
அவள் மாப்பிள்ளை ஒருநாள் தாகத்தில்
மூடியைத் திருகி
வாய்கிட்டே கொண்டுபோய் முகர்ந்தவர்,
அன்றிலிருந்து சங்கத்தைப் பற்றி
ஒரு வார்த்தை குறை பேசுவதில்லை.

இரண்டு முறை அடிக்கும் அந்த நம்பர்
யாருடையது என்று
எங்களில் மூன்று பேருக்குத்தான் தெரியும்.
ஆடியில் முதலாளிக்கும் தெரிந்துபோனது.
சைக்கிளையும் டார்ச் லைட்டையும் பிடுங்கிக்கொண்டு
காவலாளி வில்லாயுதத்தை
வீட்டுக்கு அனுப்பினார்கள்.
மூன்று பிள்ளை.

கூட்டம் போட்டோம்.
மாசம் எண்ணூறாவது குடுக்கணும் என்றாள் சகாயவதி.
நம்புமாரி எழுந்தாள்.
வில்லாயுதம் அவள் கூடப்பிறந்த தம்பி.
ரெண்டு வருசமா அந்த மதகைத் தொறந்த கை யாரு கை?
எங்கெணத்துத் தண்ணி கரிக்குது,
கொடம் பன்னெண்டு ரூவான்னு வண்டித் தண்ணி வாங்குறேன்.
இவனுக்கு நான் இருவது ரூவா கட்டணுமோ?

கீழே ஐஸ் உடைக்கிற மிசின்
கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.
கூட்டம் முடிந்தது என்று யாரும் சொல்லவில்லை.
ஒவ்வொருத்தராய்ப் படியிறங்கினார்கள்.
கடைசியில் நம்புமாரி
முந்தி முடிச்சை அவிழ்த்து
கசங்கின நாற்பதை நோட்டுமேல் வைத்தாள்.
போன வாரத்துக்கும் சேத்து, என்றாள்.
என் முகத்தைப் பார்க்கவில்லை.

எண்ணூறு. என்ன தலைப்பில் எழுத?
சம்பளம் என்றால் பொய்.
உதவி என்றால் அவன் வாங்கமாட்டான்.
நாளைக்கு ஒரு வக்கீல் இதைப் பிரித்து
லஞ்சமா என்று கேட்பார்.
பஸ், ஜெராக்ஸ், கோர்ட் ஸ்டாம்பு எல்லாம் தாண்டி
பக்கத்தின் அடியில்
இதர செலவு என்று எழுதினேன்.
ஈரக் கை. மை பரவிவிட்டது.

நேற்று ராத்திரி
கச்சான் அடங்கி, கடல் அசையாமல் கிடந்தது.
ஒன்றே முக்காலுக்கு ஜெய்னம்பு கதவைத் தட்டினாள்.
கையில் போன், பெயர் இல்லாத நம்பர்.
ரெண்டு தடவ அடிச்சு நின்டுருச்சு.

புதுக் காவலாளி வடநாட்டுப் பையன்,
தமிழ் தெரியாது என்று கேள்வி.
இவள் நம்பரை அவனுக்கு யார் கொடுத்தார்கள்?
திருப்பிக் கூப்பிடவா என்றாள்.
வேணாம்.
பாட்டிலைக் கழுவி வச்சியா?