பெயரடைகள்

விசுவமடுவில் எங்கள் அச்சகத்துக்குச்
சுவர் மூன்று. நாலாவது தறப்பாள்.
பத்மசீலன் அண்ணை செய்தி எழுதுவார்,
நான் பிழை பார்ப்பேன்.
சொல்லுக்கு அவரிடம் பஞ்சமில்லை.
காலையில் விழுந்த செல்
மதியத்துக்குள் கோரத்தாண்டவம் ஆகிவிடும்.
குருதி எப்போதும் ஆறு.
குழந்தை எப்போதும் பிஞ்சு.
சாவுக்கு மட்டும் எட்டுச் சொல் வைத்திருந்தார்,
ஆளைப் பார்த்து எடுத்துக் கொடுப்பார்,
கடைக்காரர் செருப்புக்கு அளவு பார்ப்பதுபோல.

இரவில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து
நான் பெடலைச் சுற்ற
டைனமோவில் ரேடியோ முனகும்.
அதே பன்னிரண்டு பேரைக்
கொழும்பு துடைத்தெறிந்திருக்கும்,
மேசை துடைத்த குரலில்.
லண்டன் 'கூறப்படுகிறது' என்னும்.
அந்த ஒரு சொல்லுக்குள்
பன்னிரண்டு பேரும்
கொஞ்ச நேரம் உயிரோடிருப்பார்கள்.
என் கை ஓய்ந்தால்
எல்லா நிலையமும் ஒன்றாய்ச் சாகும்.

பிறகு கடதாசி குறைந்தது.
எட்டுப் பக்கம் நாலாகி, நாலு இரண்டாகி.
முதலில் 'கோர' போனது.
அடுத்த கிழமை 'கொலைவெறி'.
ஒவ்வொன்றாய் வெட்டும்போது அண்ணை
பல் பிடுங்கக் கொடுத்தவர்போல முகம் கோணினார்.
மார்கழியில் பள்ளிக்கூடக் கொப்பித் தாளில்
ரோனியோ அடித்தோம்:
பெயர், வயது, இடம்.
நான் பார்த்த தாள்களில்
பிழை குறைந்தது அதுதான்.

அப்போதுதான் புவனலோசனி அக்கா வந்தார்,
நனைந்துகொண்டு.
யசிகரன், பத்தொன்பது, றெட்பானா சந்தி.
"போட்டாச்சு அக்கா" என்றேன்.
"வீரன் எண்டோ போட்டனீங்கள்?"
இல்லை.
"அப்பாவி எண்டோ?"
அதுவும் இல்லை. இடமில்லை.
கொஞ்சம் நின்றார்.
"அப்ப, இடக்கைக்காரன் எண்டு போடுங்கோ தம்பி.
சோறு மட்டும் சோத்துக்கையால தின்னப் பழக்கினனான்.
மற்றதெல்லாம் இடக்கைதான்."

அண்ணை அவரைப் பார்த்தார்,
தாளைப் பார்த்தார்.
ஒரு சொல். விரல் நுனி அகலம்.
அன்றைக்கு முப்பத்தொரு பெயர்.
"நாளைக்குப் பாப்பம்" என்றார்.

நாளைக்கு நாங்கள்
ரோனியோவைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தோம்.
சுதந்திரபுரத்தில் அதையும் விட்டோம்.

இப்போது கிளிநொச்சியில்
கலியாணக் காட்டுக்குப் பிழை பார்க்கிறேன்.
மாப்பிள்ளை எல்லாரும் திருநிறைச்செல்வன்.
பெண் எல்லாரும் திருநிறைச்செல்வி.
ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை,
நானும் மாற்றுவதில்லை.
வைகாசி வந்தால் கடைப் பொடியனின் போனில்
யாரோ அந்த நாட்களைச் சொல்லுகிறார்கள்,
பின்னால் வயலின் அழுகிறது.
வயலினை நிறுத்த முடியுமோ என்று கேட்டேன்.
இரண்டும் ஒன்றாய்த்தான் வருமாம்.

போன கிழமை ஒரு மாப்பிள்ளை
மூலப்படியில் சரி என்று
இடக்கையால் ஒப்பம் வைத்தான்.
மை காயமுன் அவன் கையே பட்டுப்
பெயர் கொஞ்சம் இழுபட்டது.
"வேற தாள் எடுக்கட்டோ?" என்றான் பொடியன்.
நான் அந்தக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு ஓரத்தில்
பிழை இல்லை என்று எழுதினேன்.