அரைச் சாண்

பதிவேட்டில் ஏழாவது கட்டம்
'காரணம்'.
எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர்
இருபத்தொரு பக்கத்துக்கு எழுதியிருந்தார்:
தாயின் கவனக்குறைவு.
மேற்படி. மேற்படி. மேற்படி.

உலான்பாதரில் குளிர் மைனஸ் முப்பதைத் தாண்டும் இரவுகளில்
தீக்காய வார்டுக்கு வரும் பிள்ளைகள்
சொல்லிவைத்தாற்போல வருகிறார்கள்.
வயது ஒன்றரை.
வலது கை, நெஞ்சு, தாடைக்குக் கீழே.
மாலை ஆறிலிருந்து எட்டுக்குள்.
தலையெழுத்து என்கிறார்கள்.
தலையெழுத்து கடிகாரம் பார்த்தா வரும்?

யாருன்னா எதிரே உட்கார்ந்து
"ஒரு நொடிதான் திரும்பினேன்" என்றாள்.
இவளோடு நூற்றுப் பதினான்கு பேர்
அதே நொடியை என்னிடம் சொல்லிவிட்டார்கள்.
நொடியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?
அதற்கு ஆணி அடிக்க முடியாது.
அளவு நாடாவை எடுத்துக்கொண்டு
அவள் குடியிருக்கும் மலைச்சரிவில் ஏறினேன்.

கெர் கூடாரத்துக்குள் மூலை கிடையாது,
எதையும் ஒதுக்கிவைக்க இடமில்லை.
மின்சாரச் சட்டி தரையில்.
ஆட்டிறைச்சிச் சூப்பு தளதளக்கிறது.
சட்டி விளிம்பின் உயரம் இருபத்தாறு சென்டிமீட்டர்.
பக்கத்துக் கெரில் நிற்கப் பழகும் ஒட்கோனின் மார்பு
ஐம்பத்து நான்கு.

கொதி, தரை, ஒயர், தள்ளாடும் கால்,
நான்கும் ஓரிடத்தில் கூடினால்தான் என் வார்டு நிறையும்.
ஒன்றைக் கலைத்தால் போதும்.
கொதியை விடச் சொல்ல முடியாது, இது ஜனவரி.
காலை நடக்காதே என்று சொல்லலாம்,
கேட்குமா?

தச்சர் கால்சான் பத்து மேசை செய்தார்.
பத்து வீட்டுக்கும் சுமந்துபோய்க் கொடுத்தோம்.

மறுமாதம் போனால்
ஆறு மேசைகளில் டிவி.
ஒன்றில் தையல் இயந்திரம்.
ஒன்றில், சத்தியமாக, குதிரைச் சேணம்.
சட்டி பழையபடி தரையில்.

வாய்வரை வந்தது அந்த வார்த்தை,
கவனக்குறைவு.
விழுங்கிக்கொண்டேன். குறை மேசையில்தான்.
கால்சான் சிரித்தார்,
பலகையின் நடுவே வட்டமாக அறுத்தார்:
"இனி இதில் சட்டியைத் தவிர
வேறெதுவும் உட்காராது பார்."
ஒயரை மேசைக்காலின் பின்பக்கம் வளைத்துக் கட்டினார்.

ஏழாவது கட்டத்தில் இப்போதெல்லாம்
உயரத்தை எழுதுகிறேன்.
மேலதிகாரிக்குப் பிடிக்கவில்லை.
"காரணம் கேட்டால் எண்ணைத் தருகிறாயே."

நேற்று மாலை ஆறே முக்கால்.
ஒட்கோன் எக்கி நிற்கிறான்.
விரல்கள் பலகை விளிம்பைப் பிடித்துவிட்டன,
சட்டி நடுக்குழியில்,
இன்னும் அரைச் சாண்.
அவன் அம்மா முதுகைக் காட்டி
மாவு பிசைந்துகொண்டிருக்கிறாள்.
அந்த ஒரு நொடி வந்தது,
போனது.

எட்டாத ஆத்திரத்தில்
தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுகிறான்.
இதை எழுத
பதிவேட்டில் கட்டமே இல்லை.