உள்ளே மட்டும் செல்லும்

நுழைவுச்சீட்டின் கிழிபடும் பாதியில்
ஒரு குளிர்பானம் இலவசம்.
உள்ளே இருக்கும் கடையில் மட்டும் செல்லும்.

அட்டகாமாவில் காலை பத்து மணிக்கே
நிழல்கள் சுவரோடு ஒண்டிக்கொள்கின்றன.
வெடியுப்புக் காய்ச்சிய தொட்டிகளில்
மணல் கொதிக்கிறது.
தகரக்கூரை விரியும்போதெல்லாம்
யாரோ சங்கிலியை இழுக்கும் சத்தம்.
காவலாளி ஒவிடியோ மமானி
திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

மணமானவர்களுக்கு ஒரு வரிசை வீடு,
ஆகாதவர்களுக்கு ஓர் அறைக்கு ஆறு பேர்.
மருத்துவமனைக்குக் கூரை போய்விட்டது.
மேலாளரின் டென்னிஸ் திடலில்
வலைக்கம்பங்கள் இரண்டும்
இன்னும் நேராக நிற்கின்றன.

கழிவுமேட்டில் என் காலணி புரட்டியது
ஒரு கறுப்பு வில்லையை.
பொத்தான் என்றுதான் நினைத்தேன்,
ஆனால் நடுவில் ஒரே துளை.
விளிம்பைச் சுற்றி எழுத்து:
சாந்தா ருஃபினா. ரொட்டி ஒன்று.

"கூலி," என்றார் ஒவிடியோ.
"அடுத்த சுரங்கத்தில் நீட்டினால் சிரிப்பார்கள்.
இங்கே வெட்டு, இங்கேயே தின்னு.
எடுத்த இடத்தில் போட்டுவிடுங்கள்."

போட்டேன்.
எழுத்து கீழே போகும்படி
ஏன் திருப்பி வைத்தேன் என்று தெரியவில்லை.

கடையில் அந்தப் பெண்
சீட்டின் பாதியை வாங்கி
கம்பியில் குத்திவிட்டு
மூடியைத் திறந்து தந்தாள்.
ஆணியில் ஏற்கெனவே நாற்பது ஐம்பது பாதிகள்.

வாய் எடுக்காமல் குடித்தேன்.
இனிப்புக்கு அடியில் லேசாக உப்பு.
அது என் உதட்டில் இருந்ததாகவும் இருக்கலாம்.

மீதிப் பாதி சட்டைப்பையில் இருக்கிறது.
பேருந்தில் நடத்துனரிடம்
தவறுதலாக அதைத்தான் நீட்டினேன்.
சிரித்தார்.