கையிருப்பு

பன்னிரண்டு எம்எம் போல்ட் எட்டாயிரம் வந்திறங்கியது.
கேட்டது பதினாறு.
பதினாறு என்று எழுதிக் கொடுத்தது நான்,
மூன்று மேனேஜர்கள் கையெழுத்துப் போட்டார்கள்,
மூவரும் படிக்கவில்லை.
சஜ்ஜாவின் மதிய வெயிலில்
பெட்டிகள் கொதித்துக் கிடந்தன.
"உள்ளே வை, என்றைக்காவது உதவும்" என்றார் ஷம்சீர்.
என்றைக்காவது என்பதற்கு மட்டும்
இங்கே இரண்டு ரேக்.

சம்பளம் நாற்பத்தியோரு நாள் தாமதம்.
கேட்டால் அர்பாப் மொராக்கோவில் இருக்கிறார்.
போன மாதமும் மொராக்கோ.
அதற்குள் வரவேற்பறைக்குப்
புது மீன்தொட்டி வந்துவிட்டது.
மீன்களுக்கு இரண்டு வேளை,
நேரம் தவறுவதில்லை.
தீனி போட ஓர் ஆள்,
அவனுக்கும் நாற்பத்தியோரு நாள்.

ரெக்ஸ்லின் ஜெபல் அலியிலிருந்து கூப்பிட்டான்.
"ஸ்டோர்ல எடம் காலி. வெள்ளிக்குள்ள சொல்லு.
எரநூறு திர்ஹாம் கொறவு,
ஆனா ஒண்ணாம் தேதின்னா ஒண்ணாம் தேதி."
பனி பெய்யும் ஏதோ ஒரு நாட்டைப் பற்றி
அவன் சொல்வது போலக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ராஜினாமாக் கடிதம் பிப்ரவரியில் எழுதியது.
கம்ப்யூட்டரில் 'வாஷர் பட்டியல் பழையது' என்ற பெயரில் கிடக்கிறது,
அதை மட்டும் யாரும் திறக்க மாட்டார்கள்.
நான்கு முறை தேதி மாற்றினேன்.
ஒரு முறை எழுத்துப்பிழை திருத்தினேன்.

பெனிலா பள்ளியில் கணக்கு டீச்சர்.
"அஞ்சு வருசம் முடிய எத்தன நாளு?" என்றாள்.
நூற்றுப் பதினெட்டு.
"அந்த நூத்திப் பதினெட்டுக்கும்
சம்பளம் வரும்னு யாரு சொன்னா?"
பிறகு இருவரும்
மகனின் பல்வலியைப் பற்றிப் பேசினோம்.

அவளிடம் சொல்லாதது ஒன்று உண்டு.
எனக்கு இந்தக் குளறுபடி பிடிக்கும்.
சிஸ்டத்தில் இல்லாததெல்லாம்
என் தலையில் இருக்கிறது.
ராத்திரி பதினொன்றுக்கு சைட்டிலிருந்து போன் வரும்,
நாலு இன்ச் வால்வு எங்கே என்று.
கண்ணைத் திறக்காமலே சொல்வேன்:
மூன்றாவது ரேக், பெயிண்ட் டப்பாவுக்குப் பின்னால்.
ஆறு கட்டில் போட்ட அறையில்
அந்த ஒரு நிமிடம் நான்தான் கம்பெனி.
எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும் ஊரில்
என்னை யார் எழுப்பப் போகிறார்கள்?

இன்று சாயங்காலம் தன்பகதூர் வந்தான்.
உள்ளங்கையில் தகடு கிழித்த கோடு, பழசு.
கையுறை கேட்டான்.
சிஸ்டத்தில் கையுறை பூஜ்யம்.
ஏழாவது ரேக்குக்குப் பின்னால் கைவிட்டு
ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்தேன்.
நாற்பது ஜோடி ஒளித்து வைத்திருக்கிறேன்,
கணக்கில் ஏற்றினால்
ஷம்சீரின் மச்சான் சைட்டுக்குப் போய்விடும்.
மாட்டிப் பார்த்துவிட்டு அவன் சொன்னான்,
"நீங்க லீவுல போனப்ப
ஆறு வாரம் வெறுங்கை, பாய்."
குறையாகச் சொல்லவில்லை.
நேற்று புழுதிக்காற்று அடித்தது என்பது போலத்தான்.

அவன் போனபிறகும்
கை ரேக்குக்குப் பின்னாலேயே இருந்தது.
மூன்று கையெழுத்து என்றா சொன்னேன்?
நாலு.

ஒரு நோட்டு எடுத்தேன்.
எது எங்கே என்று தமிழில் இரண்டு பக்கம் எழுதிவிட்டு,
யார் படிப்பதற்கு என்று கிழித்தேன்.
அப்புறம் படம் போட ஆரம்பித்தேன்.
வால்வு வந்துவிட்டது. பேரிங் வட்டம்தான், சுலபம்.
கையுறைதான் வரவில்லை,
முதல் தடவை வாழைப்பூ,
இரண்டாவது தடவை ஏதோ ஒரு மீன்.
மூன்றாவதற்கு
என் இடது கையைத் தாளில் வைத்துச்
சுற்றி வரைந்தேன்.

எட்டாயிரம் போல்ட்டுக்குப் படம் தேவையில்லை,
கதவைத் திறந்தால் தடுக்கும்.

போகிறேனா என்று ரெக்ஸ்லின் மறுபடி கேட்டான்.
வெள்ளிக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்றேன்.
நோட்டில்
ஐந்தாவது ரேக் பாக்கி.