பாதி மூடிய வில்லை

சனிக்கிழமை, பம்பலப்பிட்டி,
மூன்றாம் மாடி விஞ்ஞான அறை.
வலயத்திலிருந்து வந்த கடிதத்தில்
"கட்டாயம்" என்ற சொல்லுக்குக் கீழே கோடு.
முப்பத்தெட்டுப் பேர் வந்திருந்தோம்.
இரண்டு மின்விசிறியில் ஒன்று சுற்றியது;
அதன் கீழிருந்த கதிரைகள்
எட்டு மணிக்கே நிரம்பிவிட்டன.

வளவாளர் என் கடைசித் தங்கையைவிட இளையவர்,
ஷிஃப்னா. பேருவளையிலிருந்து ரயிலில் வந்தாராம்.
பவர்பொயின்ட்தான் என்று நம்பி
குணநாயகம் சேர் பின்வரிசையில் தூங்கத் தயாரானார்.
அவரோ ஒரு வில்லையையும்
ஒரு வெள்ளைத் தாளையும் எடுத்து
யன்னலுக்கு எதிரே பிடித்தார்.

தாளில் கடல் மேலே, வானம் கீழே.
பாணந்துறைக்குப் போகும் ரயில்
தலைகீழாகக் கோட்டைக்குப் போனது.

"இப்ப வில்லையிட மேல் பாதிய மூடினா
விம்பத்துக்கு என்ன நடக்கும்?"

பாதி போகும் என்றோம்.
எந்தப் பாதி என்பதில்தான் சண்டை.
கடல் என்றார் தர்மபூசணி மிஸ்.
வானம் என்றேன் நான்,
பதினேழு வருடம் தரம் பத்துக்கு
ஒளி படிப்பித்தவன்.

தன் அடையாள அட்டையால் பாதியை மறைத்தார்.

கடல் இருந்தது. வானம் இருந்தது.
தண்டவாளத்தோரம் காய்ந்த சாரம்கூட இருந்தது.
எல்லாம் கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான்.

யாரும் பேசவில்லை. விசிறி மட்டும்.

"நாங்க ரெண்டு கதிர்தானே வரையிற,
அதால ரெண்டுதான் இருக்கு எண்டு நெனச்சிட்டோம்."

உண்மைதான்.
தலைமை அச்சுக்குச் சமாந்தரமாய் ஒன்று,
ஒளியியல் மையத்தினூடாக ஒன்று,
அடிமட்டம் வைத்து, அம்புக்குறி போட்டு.
மூன்றாவது கதிருக்குப் புள்ளி இல்லை என்று
நானே சொல்லியிருக்கிறேன்.

தேநீர் இடைவேளையில்
மாலு பணிஸ் தொண்டையில் நின்றது.
இரண்டாயிரத்துப் பதினான்கு, மூன்றாம் தவணை.
கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ரெஜினோல்ட்
இதே கேள்விக்கு எழுதியிருந்தான்:
"முழுசும் தெரியும் சேர், வெளிச்சம் குறையும்."
விடைத்தாளில் என்ன சேர் என்று
அதைச் சுழித்து, இரண்டு புள்ளியும் வெட்டினேன்.
அவன் வீட்டில் எங்கேயோ
ஒரு வில்லை இருந்திருக்க வேண்டும்.
எங்கள் ஆய்வுகூடத்தில் ஆறு இருக்கின்றன,
உடைந்துவிடும் என்று பஞ்சில் சுற்றி.
சாவி பிரதி அதிபரிடம்.

நாலு மணிக்கு மதிப்பீட்டுப் படிவம்.
பயனுள்ளதா: ஆம், இல்லை.
வளவாளர்: ஒன்று முதல் ஐந்து வரை.
"நீங்கள் கற்றது" என்பதற்கு
ஒன்றரை வரி இடம்.

ரெஜினோல்டின் விடையை அப்படியே எழுதினேன்,
அந்தச் "சேர்" உட்பட.