சாதா

நன்னிலம் தாலுகா ஆபீசில் பகலெல்லாம்
ஒரு பெயருக்கு நேரே இன்னொரு பெயரைத் தட்டுகிறேன்.
கட்டம் காலியாக இருந்தால்
சான்றிதழ் அச்சாகாது.

ராத்திரி, பின்னறையில் பதினோரு பெட்டிகள்.
மூடிமேல் டேப், மார்க்கர் எழுத்து:
டேஞ்சரின். மேக் ஸ்னோ. பிளிஸார்ட்.
பனியே விழாத ஊரில்
ஒரு பனிப்புயல்
மாவுப்புழுவை முறைத்துக்கொண்டு நிற்கும்.

சிறுத்தைப் பல்லி சுவரேறாது.
இமை உண்டு, கண்ணை மூடித் தூங்கும்.
எந்தத் திசையிலிருந்தும் யாருக்கும்
பலன் சொன்னதில்லை.

"செவலை, மயிலை, காரி.
இதுக்கு மேல என்னடி நெறம்?"
பக்கத்து சீட் மரியபுஷ்பம் கேட்டாள்.
தலைஞாயிற்றில் அவள் வீட்டு உம்பளச்சேரிக் கன்று
செவலையாய்ப் பிறந்து
ஆறு மாசத்தில் சாம்பலாகிவிடும்.
என் குஞ்சுகளும் பட்டையாய்ப் பிறந்து
புள்ளி புள்ளியாய்க் கலைகின்றன.
எந்த வயதில் வைத்த பெயர் செல்லும்?

ஆவணியில் இரண்டு ஆல்பினோக்களைச் சேர்த்தேன்.
ஆண் டிரெம்பர், பெண் பெல்.
இரண்டின் தோலிலும் கருப்பு ஒரு பொட்டு கிடையாது.
ஐப்பசிப் புயலில் மூன்று நாள் கரண்ட் இல்லை.
வெந்நீர் பாட்டில்களுக்கு நடுவே
முட்டை இருந்த தெர்மாகோல் பெட்டி.

கிழித்துக்கொண்டு வந்தது:
மஞ்சள். கன்னங்கரேலென்று பட்டை.
கடையில் ஆக மலிவாய்ப் போகிற
அதே முகம்.

ஒரு வாரம் படித்துத்தான் பிடிபட்டது.
அப்பன் இல்லாமையும் அம்மா இல்லாமையும்
ஒரே இல்லாமை இல்லையாம்.
அவனுக்கு எது அறுந்திருந்ததோ
அது அவளிடம் முழுசாய் இருந்தது.
அவளுக்கு அறுந்தது அவனிடம்.
காட்ட வழியில்லாமல் இருவரும்
கருப்பை வைத்திருந்தார்கள்.

கும்பகோணத்திலிருந்து ஷாகுல் வந்தான்.
"இது என்ன மார்ஃப்?"
சாதா.
"இவ்வளவு கருப்பா? புதுசா எதுவும் பேர் இருக்கணுமே."
கரண்ட் கட் என்றேன்.
சிரித்தான்.
டேஞ்சரினை மட்டும் எடுத்துக்கொண்டு
கடைசி பஸ்ஸுக்கு ஓடினான்.

டேப்பைக் கிழித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.
சாதா என்று எழுதினால் பொய்யில்லை.
உள்ளே இரண்டு வெளுப்பு சுமக்கிறது என்று எழுத
அகலம் போதவில்லை.

அது தோலுரிக்க ஆரம்பித்திருக்கிறது.
மூக்கிலிருந்து, கையுறை கழற்றுகிற மாதிரி.
உரிந்த தோல் வெள்ளை.
தானே வாயில் இழுத்து
வால்நுனி வரைக்கும் தின்று முடித்தது.

மார்க்கர் மூடியைக் காணோம்.