பெற்றுக்கொண்டேன்

முப்பத்தோராம் தேதி மாலை
எல்லா போன்களும் ஒரே நேரத்தில் சிணுங்கும்.
எக்ஸ்ரே, லேப், டயாலிசிஸ், பிசியோ,
நாங்கள் எல்லோரும் பேஸ்மென்ட்.
வெயிலும் பெரிய டாக்டரும்
எப்போதாவது இறங்கிவரும் தளம்.

தொகையை யாரும் சொல்வதில்லை.
சொல்லக்கூடாதென்று ஹெச்.ஆர். மெயில் இருக்கிறது.
ஆனாலும் பன்னர்கட்டா ரோட்டு டீக்கடையில்
யார் காசு கொடுப்பது என்கிற
அந்த அரை நொடியில்
கொஞ்சம் தெரிந்துவிடும்.

இன்று ஜெபசீலி போட்டு உடைத்தாள்.
டயாலிசிஸ். ஏழு வருஷம்.
மாரிக்குப்பத்தில் இருட்டோடு ரயிலேறி
கதவோரம் நின்றபடியே தூங்கப் பழகியவள்.
"பத்தொன்பதாயிரத்து எழுநூறு"
என்றாள், நோயாளியின் பிரஷர் சொல்கிற குரலில்.

கேத் லேப் லிஜோ கிளாஸைக் கீழே வைத்தான்.
அவனுக்கு நாற்பத்தொன்று. அதுவும்
கத்தார் பரீட்சை தேறும்வரைக்கும்தானாம்.
"ஹார்ட்டுக்கு ஒரு ரேட், கிட்னிக்கு ஒரு ரேட்டா?"
இம்தியாஸ் சிரித்தான். அவன் லேப்.
ரத்தத்துக்குத்தான் இருப்பதிலேயே குறைவு,
எல்லா உறுப்புக்கும் போய்வருகிறது என்றாலும்.

பிசியோ வனஜாட்சி ஒன்றும் பேசவில்லை.
நாலரை வருஷப் படிப்பு.
ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போகிறாள்.
கோரமங்களாவில் ஒரு முழங்காலுக்குக் கிடைப்பது
கே.ஆர்.புரத்தில் இரண்டுக்கும் சேர்த்துக் கிடைக்காது.

நான் முன்பு ஓசூரில் இருந்தேன்.
அதே கம்பெனி மெஷின், அதே விலா எலும்பு,
பதினாலாயிரம்.
அத்திப்பள்ளி டோலைத் தாண்டினேன், கூடியது.
கூடியதை
பொம்மனஹள்ளியில் ஒற்றை அறை ஒன்று
வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டது.
அதற்கும் முன்னால் அரூர்.
எட்டாயிரம், மதியச் சோறு உட்பட.
ஃபிலிமைக் கழுவியதும் நான்,
தரையைக் கழுவியதும் நான்.

இங்கே ஐந்து பாஷையில் சொல்கிறேன்:
மூச்சை இழுத்துப் பிடிங்க,
உசிரு ஹிடிதுகொள்ளி,
சாஸ் ரோக்கியே.
பாஷைக்குப் படி கிடையாது.
ஒருநாள் பிடித்த மூச்சை விடச் சொல்ல மறந்து
அடுத்த சீட்டைப் பார்க்கப் போய்விட்டேன்.
கண்ணாடிக்கு அப்பால் ஒருவர்
முகம் சிவக்க, கீழ்ப்படிந்து,
நின்றுகொண்டே இருந்தார்.

"உனக்கு எவ்வளவுடி?" ஜெபசீலி கேட்டாள்.
இருபத்தேழு.
இருபத்திரண்டு என்றேன்.
ஏனென்று இப்போதும் தெரியவில்லை.
அவளுடைய ரயில் பாஸா, என் வெட்கமா,
டீ ஆறிக்கொண்டிருந்ததா.

மார்பில் குத்தியிருக்கிற பேட்ஜுக்கு மட்டும்
பொய் வராது.
மூன்று மாதத்துக்கொருமுறை எங்கோ போய்
ஒரு தாள் அனுப்பிவைக்கும்:
கோமளவல்லி, எக்ஸ்ரே,
உடம்பு பெற்றது பூஜ்யம் புள்ளி மூன்று ஐந்து.
அதையும் படித்துக் கையெழுத்திட வேண்டும்,
சம்பளச் சீட்டில் போடுகிற அதே கையெழுத்து.
அந்தத் தாளில் மட்டும்
ஓசூருக்கொரு அளவு, பெங்களூருக்கொரு அளவு என்றில்லை.
அரூரில் பேட்ஜே தரவில்லை.
அங்கே பெற்றது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை,
என்னிடம்தான் இருக்கிறது.

"அறுபது" என்றார் டீக்காரர்.
லிஜோ பர்ஸைத் தேடுவதற்குள்
ஜெபசீலி நீட்டிவிட்டாள்,
ஆறு பத்து ரூபாய்த் தாள்கள்,
மடித்த மடிப்புக் கலையாமல்.
வேண்டாமென்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது.
ரோட்டைக் கடக்கையில் திரும்பி,
பஸ் ஹாரனுக்கு மேலே கத்தினாள்:
"ஹெச்.ஆர்.கிட்ட மட்டும்
மூச்சு விட்றாதீங்க."